பிழை பார்க்க இன்னொரு கண்

வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. நான் ஒரு குடிநோயாளி. குடிக்காமல் 21 ஆண்டுகள் ஆகின்றன. அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றேன். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்களுக்கு இன்றும் போகிறேன். அங்குள்ள வழக்கப்படி என் பெயரை அச்சில் போடுவதில்லை. அந்த அமைப்பின் சார்பாகப் பேசும் உரிமை எனக்குக் கிடையாது. எனக்கு நடந்ததையும் எனக்குத் தெரிந்ததையும்தான் சொல்கிறேன்.

*

கேள்வி: குடியை விட்டு 11 வருடம் ஆகிறது. இரண்டு வருடமாகக் கூட்டங்களுக்குப் போவதில்லை. குடிக்கும் எண்ணமே வருவதில்லை. ஆனால் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். போன வாரம் என் மனைவி, "நீங்கள் குடித்த காலத்தில்கூட உங்களோடு பேச முடிந்தது" என்று சொல்லிவிட்டாள். குடிக்காதவனுக்குக் கூட்டம் எதற்கு? தினமும் அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது என்றுதான் நினைக்கிறேன், நண்பரே. என் கதையைச் சொன்னால் காரணம் விளங்கும்.

எனக்கு இது எட்டாவது ஆண்டில் நடந்தது. கூட்டங்களை நான் ஒரேயடியாக விடவில்லை. முதலில் வேலை அதிகம் என்று ஒரு வாரம் போகவில்லை. அப்புறம் மழை. அப்புறம், ஒரே ஆள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்ற சலிப்பு. விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்வதை மட்டும் விடவில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்தச் சமயத்தில் ஒரு பாடநூல் வேலை வந்தது. அச்சாகி வந்த பிறகு பார்த்தால் இரண்டு பக்கங்கள் இடம் மாறியிருந்தன. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள்கள் அவை. விசாரித்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த பையன் தாள்களை மாற்றிக் கொண்டுபோயிருப்பான் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்தார்கள். மறுநாள் விடியற்காலையிலும் வழக்கம்போல அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மனம் அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதியை நினைத்தால் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒருவர் மூலப்படியை வாய்விட்டு வாசிப்பார், இன்னொருவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார். ஒரே ஆள் தனியாகப் பார்த்தால், அதுவும் தானே எழுதியதைப் பார்த்தால், தாளில் உள்ளது தெரியாது. மனதில் உள்ளதையே கண் வாசித்துவிடும். எத்தனையோ ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, என் விஷயத்தில் அது உறைக்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்து அம்மா இறந்துபோனார். அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு என் மூளை ஒரு கணக்குப் போட ஆரம்பித்தது. இந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும், யார் கண்ணிலும் படாமல் எந்த வழியாகப் போகலாம், விடிவதற்குள் வாடை போய்விடுமா என்று. குடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கணக்கு மட்டும் தானாக ஓடியது. நீங்கள் "எண்ணமே வருவதில்லை" என்று எழுதியதைப் படித்ததும் அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றரை மணிக்குக் கூட்டத்துப் பழைய நண்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவரோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கதவைத் திறந்து வை, வர்றேன்" என்றார். வந்து விடியும்வரை இருந்தார். அம்மாவைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசியதெல்லாம் அந்தப் பையனைப் பற்றி. முழுவதும் கேட்டுவிட்டு, "அவன்கிட்ட எப்ப சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். பையனுக்குப் போன சம்பளத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். அவன் பணத்தை வாங்கிக்கொண்டான். என்னோடு பேசவில்லை. பேச வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

ஏ.ஏ.வின் தொடக்கமே இப்படி ஒரு தொலைபேசி அழைப்புதான். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் கடைசியாகக் குடித்தது 1934 டிசம்பரில். அப்போது நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, அறையே ஒளியால் நிறைந்தது போன்ற ஓர் அனுபவம் அவருக்குக் கிடைத்தது. தியானத்தில் உட்கார்கிற நாம் எல்லாரும் ஆசைப்படுகிற மாதிரியான அனுபவம். ஐந்து மாதம் கழித்து, 1935 மே மாதம், தொழில் விஷயமாக அக்ரன் என்ற ஊருக்குப் போனார். போன காரியம் கைகூடவில்லை. விடுதியின் முகப்புக்கூடத்தில் தனியாக நிற்கிறார். பக்கத்து மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. அந்தப் பேரொளி அனுபவம் அந்த நிமிடத்தில் அவருக்குப் போதவில்லை. தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஒரு போதகரைப் பிடித்து, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தின் அறிமுகம் கிடைத்தது. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த டாக்டர், இரவு 11 மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் 10-ம் தேதி அவர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் அமைப்பு பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

அதற்கு முந்தைய மாதங்களில் பில் எத்தனையோ குடிகாரர்களைத் தேடிப் போய்ப் பேசியிருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. அவர் சோர்ந்துபோனபோது அவர் மனைவி லோயிஸ்தான், "நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே" என்று நினைவூட்டினார். அதனால்தான் அக்ரனில் அவர் தேடியது தனக்கு அறிவுரை சொல்லும் ஆளை அல்ல. தான் உண்மையைப் பேசக்கூடிய ஆளை.

ஏ.ஏ.வின் அடிப்படை நூல் வெளிவந்தது 1939-ல். அதில் ஒருவரின் கதை வருகிறது. 30 வயதில் குடியை நிறுத்துகிறார். 25 ஆண்டுகள் தொடவே இல்லை. 55 வயதில் ஓய்வு பெற்றதும், இனி என்ன என்று மறுபடி எடுக்கிறார். இரண்டே மாதத்தில் மருத்துவமனை. நான்கே ஆண்டில் இறந்துபோகிறார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற வாரத்தில் நானே அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தேன்.

தியானத்தை விடாதீர்கள். ஆனால் இந்த வாரமே ஒரு கூட்டத்துக்குப் போங்கள். 11 வருடச் சாதனையைப் பேச வேண்டாம். உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், எழுந்து நின்று சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் அவரிடம், "இந்த இரண்டு வருடத்தில் நான் என்னவெல்லாம் செய்தேன்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள். அதுதான் கஷ்டம். எனக்குத் தெரியும்.

*

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. எட்டு மாதமாகக் குடிக்கவில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பெயர் வரும்போதெல்லாம் எழுந்து போய்விடலாம் போல இருக்கிறது. நம்பாததை நம்புவதாகச் சொன்னால் அதுவும் ஒரு பொய்தானே? இதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமாவது இருக்கிறதா?

பதில்: நம்பாததை நம்புவதாகச் சொல்லாதீர்கள். அங்கே பொய் சொல்லிப் பழகினால் வேறு எங்கே போய் உண்மை பேசுவது?

உங்களைப் போன்றவர்கள் முதலிலிருந்தே அங்கே இருந்தார்கள். படிகளை எழுதிய காலத்தில், கடவுளை ஏற்காத உறுப்பினர்கள் விடாப்பிடியாக நின்றதால்தான் கடவுள் என்ற சொல்லோடு 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்கள் சேர்ந்தன. இரண்டாம் படி பேசுவது 'நம்மைவிட மேலான ஒரு சக்தி'யைப் பற்றி. உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான் உண்டு: குடியை நிறுத்தும் விருப்பம். ஒளி, காட்சி எதுவும் கிடைக்கவில்லையே என்று பலர் குழம்பியதால், 1941-ல் நூலின் இரண்டாம் அச்சில் ஒரு பின்னிணைப்பே சேர்த்தார்கள். பெரும்பாலோருக்கு மாற்றம் திடீரென்று வருவதில்லை, பாடம் கற்பதுபோல மெல்ல மெல்லத்தான் வருகிறது என்று அதில் இருக்கிறது. அந்த வேறுபாட்டை உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

என் ஸ்பான்சர், அதாவது கூட்டத்தில் எனக்கு வழிகாட்டிய மூத்த உறுப்பினர், தீவிர நாத்திகர். கடைசிவரை அப்படியே இருந்தார். "அந்த அறையில் 14 பேர் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து செய்ததை என்னால் தனியாகச் செய்ய முடியவில்லை. ஆகவே அவர்கள் என்னைவிட மேலான சக்தி" என்பார். அவ்வளவுதான் அவருடைய இறையியல். நான் அவரைப் போல இல்லை, எனக்குப் பிரார்த்தனை உண்டு. ஆனால் மன்னிப்புக் கேட்பதில் அவரைவிட வேகமான ஒருவரை நான் பார்த்ததில்லை. காலையில் ஒரு சொல் தடித்துவிட்டால் மதியத்துக்குள் கூப்பிட்டுவிடுவார். ஆன்மிக வளர்ச்சி என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நாத்திகரின் முகம்தான்.

சரி, ஆதாரம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். பன்னிரண்டு படி வழியில் முறையாக நடத்தப்பட்ட சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் அது 35 சதவீதம். இந்த வித்தியாசம் மந்திரம் போன்றதல்ல. ஆனாலும் ஒவ்வொரு நூறு பேரிலும் கூடுதலாக ஏழு பேர் என்றால், ஏழு வீடுகள். ஏன் பலன் தருகிறது என்று தேடிய ஆய்வுகள் முக்கியமாகச் சுட்டுவது, பழகும் ஆட்கள் மாறுவதை. கடவுளை எடுத்துவிட்டாலும் அந்தப் பகுதி உங்களுக்கு மிஞ்சும்.

அப்படியும் ஒட்டவில்லை என்றால் வேறு கூட்டம் தேடுங்கள். கடவுளைப் பற்றிய பேச்சே இல்லாத ஸ்மார்ட் ரெகவரி 1994 முதல் இயங்குகிறது. எந்த அறை என்பது முக்கியமில்லை. அறையில் உங்களோடு ஆட்கள் இருக்க வேண்டும்.

*

கேள்வி: ஐயா, எனக்கு 22 வயது. என் அப்பா மூன்று வருடம் குடிக்காமல் இருந்தார். இரண்டு வாரமாக மறுபடி தினமும் குடிக்கிறார். "நாளையிலிருந்து சுத்தமாக நிறுத்திவிடுகிறேன்" என்கிறார். அந்த மூன்று வருடமும் வீண்தானா?

பதில்: அம்மா, முதலில் அவசரமான விஷயம். தினமும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், உடல் நடுக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். "நாளை நிறுத்துகிறேன்" என்றால், "சரி, நாளை டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள்.

வீண் இல்லை. பில் வில்சனுக்கு முதலில் நம்பிக்கை கொடுத்தவர் எபி தாச்சர் என்ற பழைய நண்பர். தான் குடியை விட்ட கதையை 1934 நவம்பரில் பில்லின் வீட்டுக்கே வந்து சொன்னார். சில ஆண்டுகளில் எபியே மறுபடி குடிக்க ஆரம்பித்து, பல ஆண்டுகள் விழுந்தும் எழுந்தும் திண்டாடினார். பில் கடைசிவரை அவரைத் தன் ஸ்பான்சர் என்றே சொன்னார், தாங்கினார். 1966-ல் எபி இறந்தபோது அவர் குடியை விட்டிருந்தார். உங்கள் அப்பாவுக்கு மூன்று வருடம் எப்படி வாழ்ந்தோம் என்று தெரியும். எந்த இடத்தில் கைப்பிடி நழுவியது என்று அவர் பேச வேண்டும். உங்களிடம் அல்ல, அதே குழியில் விழுந்து எழுந்த ஒருவரிடம். மறுபடி அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வெட்கமாக இருக்கும். அங்கே அவரை யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். அவரோடு இருந்த பழைய நண்பர் ஒருவரின் எண் உங்களிடம் இருந்தால், அவர் காதில் விஷயத்தைப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படிக்கிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா, தூங்குகிறீர்களா? குடும்பத்தாருக்கென்றே லோயிஸ் வில்சன் 1951-ல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. அப்பா குடித்தாலும் நிறுத்தினாலும் அங்கே போகலாம். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, அம்மா. அதை நிறுத்தும் வேலையும் உங்களுடையது இல்லை.

*

கேள்வி: மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறேன். "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்து, பிரார்த்தனை போதும்" என்கிறார் என் ஸ்பான்சர்.

பதில்: நிறுத்தாதீர்கள். ஸ்பான்சர் என்பவர் உங்களுக்கு முன்னால் அதே பாதையில் நடந்த ஒரு குடிநோயாளி, மருத்துவர் அல்ல. உறுப்பினர்கள் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்த வெளியீடே தெளிவாகச் சொல்கிறது. பில் வில்சனையே குடியை விட்ட பிறகும் பல ஆண்டுகள் மனச்சோர்வு வாட்டியது. பிரார்த்தனைக் குறைவால் வந்த நோய் இல்லை அது. உங்கள் டாக்டரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதே பேச்சு தொடர்ந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஸ்பான்சரைத் தேடலாம். அது துரோகம் இல்லை.

*

கேள்வி: குடிக்காமல் 40 நாள் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் கைகால் ஓடவில்லை. நான் போகும் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். 21 வருடம் என்கிறீர்களே, நீங்கள் தினமும் என்னதான் செய்கிறீர்கள்?

பதில்: நாற்பது நாள்! படித்தவுடன் சந்தோஷமாக இருந்தது.

ஆறு மணிக்கு முன்பே, ஐந்தரைக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் பார்த்துக்கொள் என்று எங்கள் கூட்டங்களில் சொல்வார்கள். அந்த வேளையில் நான்கும் ஒன்றாக வந்து நிற்கும். முதல் இரண்டைச் சாப்பாடே பாதி தணித்துவிடும். தனிமைக்கு ஆள் வேண்டும். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம்தான் சொல்லக்கூடிய விஷயங்கள் இருக்கின்றன. பெண்களுக்கென்றே நடக்கும் கூட்டங்கள் உண்டு, இணையத்தின் வழியாகவும் நடக்கின்றன. விசாரியுங்கள். 1939-ல் மார்ட்டி மான் என்ற பெண் ஏ.ஏ.வுக்குள் வந்தபோது அவரைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஆண்கள் மட்டும்தான். அவர் நிலைத்து நின்றார். பின்னால் வந்த எத்தனையோ பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். உங்கள் கூட்டத்துக்கு அடுத்து வரப்போகும் பெண், கதவைத் திறந்ததும் உங்களைத்தான் பார்ப்பாள்.

என் நாள் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, இன்று ஒரு நாள் குடிக்காமல் இருக்க உதவி கேட்கிறேன். பத்தாம் படி, அன்றன்றைய தவற்றை அன்றன்றே பார் என்கிறது. அதற்காக இரவில் ஒரு நோட்டில் இரண்டு மூன்று வரி எழுதுகிறேன். மறுநாள் அதை நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் வாசிக்கிறேன், அவர் நோட்டை எனக்கு வாசிக்கிறார். பழைய தொழில் போலவேதான். ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்க்க. வாரம் மூன்று கூட்டம். புதிதாக வந்த ஒருவருக்குத் தினமும் ஒரு போன்.

நேற்று இரவு எழுதியது இது: "தம்பி கடனைத் திருப்பித் தரவில்லை என்று அவன் மனைவியிடம் குத்தலாகப் பேசினேன். புதியவர் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை, தூங்கிவிட்டதாகச் சொன்னேன். தூங்கவில்லை."

இரண்டாவதை இன்று காலை சரிசெய்துவிட்டேன். தம்பி வீட்டுக்கு இன்னும் போகவில்லை. இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும்.